அந்தப் பக்கம் நான் பாத்தாச்சு

ஒரு பிளாஸ்டிக் டப்பா. ரெண்டு சாண்ட்விச் வெச்சு மூடற அளவுதான் இருக்கும்னு போன்ல போட்டிருக்கு. எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற குன்று மேல எவனோ அத ஒளிச்சு வெச்சிருக்கான். நானும் என் புருஷனும் வாரக்கணக்கா அதத் தேடினோம். நாலு வயசுப் பிள்ளைங்க எல்லாம் எடுத்துப் பாத்துட்டுப் போகுதுங்க, எங்களுக்கு மட்டும் அகப்படல. அறுபத்தெட்டு வயசுல எனக்கு இது தேவையா, நீங்களே சொல்லுங்க.

என் பேரு ரோண்டா. ஹோபார்ட்ல, ஆத்துக்குக் கிழக்குக் கரைல எங்க வீடு. புருஷன் பேரு நெவில். ஆயுசு பூரா எலக்ட்ரீஷியன் வேலை பாத்தவன். வீட்டுல எது உடைஞ்சாலும் சட்டைப் பையில இருந்து செப்புக் கம்பிய எடுத்து நாலு முறுக்கு முறுக்கிடுவான். வாசல் கேட்டுக்குக் கம்பி, கெட்டில் மூடிக்குக் கம்பி, என் மூக்குக்கண்ணாடிக்குக்கூட கம்பி. "புதுசு ஒண்ணு வாங்கித் தொலையேன் நெவ்"னு கத்தினா, "இது உன்னையும் என்னையும் விட நாள் இருக்கும்"பான்.

போன ஜூலைல ஒரு நாள் காலைல டீ எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போனேன். மனுஷன் தரைல கிடக்கறான். உதடு நீலம் பாஞ்சு போயிருக்கு. டீக்கோப்பைய எங்க போட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு நினைவு இல்ல. ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆஸ்பத்திரில நெஞ்சுக் குழாய்ல ஸ்டென்ட் வெச்சாங்க, பொழைச்சான். டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க. "தினம் நடக்கணும் நெவில். மேடு ஏறணும். கொஞ்சம் மூச்சு வாங்கினா பயப்படாதீங்க. உக்காந்துட்டீங்கன்னா அவ்வளவுதான்." என் பக்கமும் திரும்பி, "நீங்களும் வெளிய வாசல் போங்க ரோண்டா, ராப்பகலா காவல் காக்காதீங்க"ன்னாங்க. எனக்கு என்ன கேடு? விழுந்து கிடந்தது அவன். நான் கல்லுக்குண்டாட்டம் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தவன் நடந்தானா? நடந்தான். நாற்காலில இருந்து ஃப்ரிட்ஜுக்கு, ஃப்ரிட்ஜுல இருந்து நாற்காலிக்கு. "வாய்யா, கடற்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டா, காத்து அடிக்குதும்பான். காத்து நின்னா, மழை வருமேம்பான். மழையும் இல்லன்னா டி.வி.ல கிரிக்கெட். எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி உக்காந்திருப்பான். இன்னொரு தடவ விழுந்தா இவன் எந்திரிக்க மாட்டான். இவன நடக்க வெச்சே ஆகணும். எனக்கு அந்த வருஷம் இருந்த கவலை அது ஒண்ணுதான்.

நான் முப்பது வருஷமா சனிக்கிழமையானா பொண்ணுங்க நெட்பால் ஆட்டத்துக்கு அம்பயரா நிப்பேன். அதுக்கு ஒரு வெண்கல விசில் வெச்சிருந்தேன். ஊதினா ஆத்துக்கு அந்தக் கரைல இருக்கறவன் திரும்பிப் பாப்பான். அந்த விசில அவன் கழுத்துல மாட்டிவிட்டேன். "நெஞ்சு ஒரு மாதிரி இருந்தா ஊது. எந்த மூலைல இருந்தாலும் ஓடி வந்துடறேன்." நெட்பால்காரங்ககிட்ட வேற ஆளப் பாத்துக்கோங்கன்னுட்டேன். இவனத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? காய்கறி, ரொட்டி எல்லாம் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடறாங்க. அவன் பகல்ல கண்ணசந்தாக்கூட மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட குனிஞ்சு பாப்பேன். ஒரு தடவ கண்ணத் திறந்து, "என்னடி, சவப்பெட்டிக்கு அளவு எடுக்கறியா?"ன்னான். சிரிப்பு வரல எனக்கு.

அக்டோபர்ல எங்க பொண்ணு பெட்ரா லான்செஸ்டன்ல இருந்து வந்தா. எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்தா. என் போன வாங்கி என்னமோ தட்டினா.

"அம்மா, இதுக்கு ஜியோகேச்சிங்னு பேரு. ஊரெல்லாம் டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்க. போன் வழி காட்டும். போய்த் தேடி எடுக்கணும். உள்ள ஒரு காகிதச் சுருள் இருக்கும், அதுல கையெழுத்துப் போடணும். கையெழுத்து இல்லன்னா கண்டுபிடிச்சதாக் கணக்கு இல்ல. சின்னச் சின்னச் சாமான் கிடக்கும். ஒண்ண எடுத்தா அதே மதிப்புக்கு நம்ம சாமான் ஒண்ண வெச்சுட்டு வரணும். தேடறத வெளியாளுங்க பாக்கக் கூடாது. அவ்வளவுதான் ஆட்டம்."

"எதுக்கு ஒளிக்கறாங்க?"

"தேடறதுக்குத்தான்."

"எதுக்குத் தேடணும்?"

"அப்பா நடப்பாரும்மா!"ன்னு பல்லக் கடிச்சா பெட்ரா.

மறுநாளே கிளம்பிட்டோம். பின்னாடி குன்று மேல இருக்கற டப்பாதான் இருக்கறதிலயே சுலபம்னு போட்டிருந்துச்சு. 'புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் ஏத்தது.' கேட்டுகிட்ட நின்னு நான் வழக்கமா ஒப்பிக்கறத ஒப்பிச்சேன். "விசில் இருக்கா? மருந்து இருக்கா? போன் இருக்கா?" மனுஷன் பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினான். பாதிப் பாதை ஏறினப்புறம்தான் பேனா எடுக்காம வந்தது ஞாபகம் வந்துச்சு.

"ஆரம்பமே உருப்படல"ன்னேன்.

"முதல்ல டப்பா கிடைக்கட்டும். அப்புறம் பேனாவுக்கு அழுவோம்"னு மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான் நெவில். பத்தடிக்கு ஒரு தரம் நின்னான். நானும் நின்னு அவன் உதட்டு நிறத்தப் பாத்தேன்.

உச்சில ஒரு பெஞ்சு, நாலு சவுக்கு மரம், இடிஞ்ச பழைய கல் அடுக்கு ஒண்ணு, அதுக்கு முன்னாடி புல்வெளி. போன்ல வழி காட்டற அம்புக்குறிக்குப் புத்தி கிடையாது. மூணு மீட்டர்ங்குது. நாலடி வெச்சா பதினோரு மீட்டர்ங்குது. நின்ன இடத்துலயே திரும்பினா அது ஒரு பக்கம் திரும்புது. நான் பெஞ்சச் சுத்திச் சுத்தி வரேன். நெவில் கல் அடுக்குப் பக்கம் போயி குனிஞ்சு கையவிட்டுத் துழாவிக்கிட்டு இருந்தான்.

அப்பத்தான் அந்த ஆள்காட்டிக் குருவி கிளம்புச்சு. முட்டை வெச்சிருக்கற காலம், புல்லுல எங்கயோ கூடு. கீக்கீக்கின்னு கத்திக்கிட்டு நேரா நெவில் மண்டைக்குக் குறி வெச்சு இறங்குச்சு. தொப்பி ஒரு பக்கம் பறக்க, மனுஷன் ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டு, "போடி! போடி! உன் முட்டை எனக்கு எதுக்குடி!"ன்னு கத்திக்கிட்டே புல்லுல வட்டமடிச்சு ஓடறான். அது விடுதா? விரட்டி விரட்டி அடிக்குது. எனக்குச் சிரிப்பு எங்க இருந்துதான் வந்துச்சோ. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சவுக்கு மரத்துல சாஞ்சேன். கண்ணுல தண்ணி கொட்டுது. நிறுத்த முடியல.

குருவி அடங்கினப்புறம் மனுஷன் நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"கிடைச்சுதா?"ன்னேன், கண்ணத் துடைச்சுக்கிட்டே.

அப்புறம், "இல்ல. அந்தக் கல்லுகிட்ட ஜம்பர் எறும்புப் புத்து இருக்கு. நீ கிட்டயே வராத. அந்தப் பக்கம் நான் பாத்தாச்சு"ன்னான்.

ஜம்பர்னதும் நான் ரெண்டடி பின்னாடி போயிட்டேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிக்னிக்ல அது கடிச்சு என் கை பூசணிக்காயாட்டம் வீங்கி, ஊசி போட்டுத்தான் வடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தப் பேரக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் ஊறும்.

பாதி வழி இறங்கினதும், "ஐயோ, என் தொப்பி"ன்னான். "போனாப் போகுது"ன்னேன். கேக்கல. மறுபடியும் மேல ஏறினான். நான் கீழ நின்னு "மெதுவா, மெதுவா"ன்னு கத்தினேன். ஒரு தொப்பிய எடுக்க அவ்வளவு நேரமா? நான் ஏறிப் போயிப் பாக்கலாமான்னு காலெடுத்து வெக்கறப்ப வந்துட்டான். கையில கட்டைவிரல் அளவுல ஒரு பச்சைக் கண்ணாடித் தவளை.

"வழில கிடந்துச்சு. உனக்கு"ன்னான். சரின்னு வாங்கி அடுப்பங்கரை ஜன்னல்ல வெச்சேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா கழுத்துல விசில் இல்ல. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "முப்பது வருஷத்து விசில்யா அது! எங்க விட்ட?"

"குருவி விரட்டினப்ப அறுந்திருக்கும்."

"உன் மூளையும் சேர்ந்து அறுந்து விழுந்திருக்கும்!" அன்னிக்கு ராத்திரி அவனுக்கு உப்பில்லாத சூப்பு. டாக்டரம்மா சொன்னது மாதிரியும் ஆச்சு, எனக்கும் ஒரு திருப்தி. ஆரஞ்சு கலர்ல ஒரு பிளாஸ்டிக் விசில் வரவழைச்சு அவன் கழுத்துல மாட்டினேன்.

அதுல இருந்து தினம் இதே பொழப்பாப் போச்சு. டப்பாவும் தேடணும், விசிலும் தேடணும். தலைவலி போயி திருகுவலி வந்த கதை. காலைல நான்தான் அவனக் கிளப்பணும். "இன்னிக்குமா?"ன்னு முனகுவான். "இன்னிக்குந்தான். எந்திரி"ம்பேன். மேல போனா சவுக்கு மரத்தடி, பெஞ்சுக்கு அடி, குப்பைத்தொட்டிக்குப் பின்னாடின்னு என்ன அனுப்புவான். கல் அடுக்குப் பக்கம் கண்ணக் காட்டினாலே, "அங்க போகாத, ஜம்பர். அந்தப் பக்கம் நான் பாத்தாச்சு." ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. இதே பாட்டு.

ஒரு நாள் நான் குப்பைத்தொட்டிக்கு அடில தலைய விட்டிருக்கேன், அந்த நேரம் பாத்து நாயக் கூட்டிக்கிட்டு ஒரு ஆள் வந்துட்டான். வெளியாள் பாக்கக் கூடாதுங்கறது ஆட்டத்து விதியாச்சே. சட்டுன்னு ஷூ கயிறு கட்டற மாதிரி குனிஞ்சேன். நான் போட்டிருந்த ஷூவுல கயிறே கிடையாது.

"என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?"ன்னான் அந்த ஆள்.

பெஞ்சுல கால் மேல கால் போட்டு உக்காந்திருந்த என் புருஷன் சொல்றான், "ஆமாங்க. பொறுமையத் தொலைச்சுட்டா. கல்யாணத்தன்னிக்கே தொலைஞ்சுது. இன்னும் தேடறா."

அந்த ஆள் சிரிச்சான். நாயி என் ஷூவ நக்குச்சு. இறங்கற வழியெல்லாம் நான் நெவில்கிட்ட பேசல. ஆனா ஒண்ணு, அன்னிக்கு அவன் ஒரு இடத்துலகூட நிக்காம மேல ஏறியிருந்தான். அத மனசுக்குள்ள குறிச்சு வெச்சுக்கிட்டேன். அவன்கிட்ட சொல்லல. சொன்னா, அப்ப நாளைக்கு லீவுதானேம்பான்.

இன்னொரு கொடுமை என்னன்னா, டப்பாவ எடுத்தவங்க எல்லாம் அந்தப் போன்ல வந்து எழுதறாங்க. அத வாசிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். 'ரெண்டே நிமிஷம். என் நாலு வயசுப் பையன் கண்டுபிடிச்சான்.' 'பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்துல ஏறி எடுத்தேன்.' ஒருத்தி எழுதறா, 'உள்ள நல்ல சாமான் ஒண்ணு இருக்கு. ஆனா கழட்டவே முடியல. ஹா ஹா.' அப்பவும் எனக்குப் பொறி தட்டல. டப்பா பழசாகி என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு போலன்னு நினைச்சேன்.

"நெவ், கிடைக்கலன்னு நாம எழுதிப் போட்டுடலாம். டப்பா வெச்சவன் வந்து பாப்பான்."

"எழுதாத! ஊரே சிரிக்கும். நாலு வயசுப் பையன் எடுத்தத ரெண்டு கிழம் எடுக்கலன்னு. மானம் போயிடும்."

"மானமா? நேத்து குப்பைத்தொட்டிக்கு அடில இருந்தது யாரு மானம்?"

"இன்னும் ரெண்டு நாள் பாப்போம் ரோண்டா. நம்மளே எடுத்துடுவோம்." அந்த ரெண்டு நாள் எத்தன ரெண்டு நாளாச்சுன்னு கேக்காதீங்க.

கடைசில அவனுக்குத் தெரியாம எழுதிப் போட்டுட்டேன். 'வாரக்கணக்காத் தேடறோம். கிடைக்கல. டப்பா இருக்கா, இல்லையா?' இதுல எல்லாருக்கும் ஒரு பட்டப்பேரு உண்டு. டப்பா வெச்சவன் பேரு ஈரச்சாக்ஸ். மறுநாள் மத்தியானமே ஈரச்சாக்ஸ்கிட்ட இருந்து பதில். 'காலைல போயிப் பாத்தேன். பத்திரமா இருக்கு. கல் அடுக்குல, ஆத்தப் பாத்த பக்கம், முழங்கால் உயரத்துல தட்டைக்கல்லுக்குப் பின்னாடி.'

'அங்க ஜம்பர் எறும்புப் புத்து இருக்காமே?'ன்னு திருப்பி எழுதினேன்.

'அந்தக் குன்றுல ஒரு ஜம்பரக்கூட நான் பாத்ததில்லையே.'

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. நிமிந்து பாத்தேன். மனுஷன் கூடத்துல கால நீட்டி கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கான். பயந்தாங்கொள்ளி! ஏதோ ரெண்டு கட்டெறும்பப் பாத்துட்டு, கைய விடப் பயந்துக்கிட்டு, ஜம்பர் ஜம்பர்னு கதை கட்டி, இத்தன நாளா என்னக் குப்பைத்தொட்டிக்குள்ள தலைய விட வெச்சிருக்கான். வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைய விட்டிருக்கான்!

அவன்கிட்ட ஒண்ணும் கேக்கல. அவனோட பெரிய பூட்ஸ மாட்டினேன். தோட்டத்துக் கையுறைய எடுத்துக்கிட்டேன்.

"பால் வாங்கிட்டு வரேன்"னேன்.

"ம்"னான், டி.வி.ல இருந்து கண்ண எடுக்காம.

தெரு முனை வரைக்கும் கோவத்துலயே நடந்துட்டேன். முனைல திரும்பறப்பத்தான் உறைச்சுது. அவனத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். ஜூலைக்கு அப்புறம் முதல் தடவை. கால் அப்படியே நின்னுடுச்சு. ஷெட்டுத் தரை கண்ணு முன்னாடி வருது, அந்த நீல உதடு வருது. திரும்பிடலாம்னு ஒரு மனசு. இந்த மனுஷன் என்ன முட்டாளாக்கினத நினைச்சா போயே தீரணும்னு இன்னொரு மனசு. போயிட்டு ஓடி வந்துடுவோம்னு ஏற ஆரம்பிச்சேன். பூட்ஸ் ரெண்டும் காலுல தொளதொளன்னு ஆடுது. வழியெல்லாம் அவனத் திட்டிக்கிட்டேதான் ஏறினேன். திட்டறத நிறுத்தினா பயம் வந்துடும்.

கல் அடுக்கு. ஆத்தப் பாத்த பக்கம். முழங்கால் உயரம். குச்சியால மொதல்ல குத்திப் பாத்தேன். புத்தும் இல்ல, எறும்பும் இல்ல. தட்டைக்கல்ல நகத்தினேன். பச்சை மூடி போட்ட டப்பா, என்னமோ எனக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி உக்காந்திருந்துச்சு. திறந்தேன்.

ரெண்டு கோலிக்குண்டு, ஒரு ரப்பர் டைனோசர், காகிதச் சுருள். அப்புறம் என் விசில்.

டப்பாவோட பக்கத்துல ரெண்டு ஓட்டை போட்டு, செப்புக் கம்பி கோத்து, விசில அதுல கட்டி வெச்சிருந்துச்சு. நாலு முறுக்கு. காகிதத்தப் பிரிச்சு யார் பேரு இருக்குன்னு நான் பாக்கவே இல்ல. பாக்கணுமா என்ன? அதே முறுக்கு என் மூக்குக்கண்ணாடில இருக்கு.

தொப்பி எடுக்க மேல ஏறினானே, அப்ப. டப்பாவ மொத நாளே கண்டுபிடிச்சிருக்கான். குருவி விரட்டறதுக்கு முன்னாடியே கையில அகப்பட்டிருக்கு. விசில வெச்சுட்டு, பதிலுக்குத் தவளைய எடுத்திருக்கான். ஒண்ண எடுத்தா ஒண்ண வெக்கணும்! அந்தத் தவளைய நான் தினம் பாத்திரம் கழுவறப்ப பாத்துக்கிட்டு நிக்கறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துல என்ன பண்றதுன்னே தெரியல. அங்க ஆளும் இல்ல, திட்டறதுக்கு. விசிலக் கழட்டலாம்னா கம்பி வரல. டப்பாவோட சேத்துத் தூக்கி வாயில வெச்சேன். ரப்பர் டைனோசர் மூக்குல இடிக்குது. முப்பது வருஷ அம்பயர் மூச்சு மொத்தத்தையும் கூட்டி ஊதினேன். நிறுத்தி மறுபடியும் ஊதினேன். புல்லுல இருந்த ஆள்காட்டிக் குருவிங்க கிளம்பிப் பறந்து போச்சு. மூணாவது தடவையும் ஊதினேன். ஊதி முடிச்சு அங்கயே கல்லு மேல உக்காந்து அழுதேன். கோவத்துலதான் அழுதேன்னு அப்ப நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் பாதைல சரளைக்கல்லு சத்தம் கேட்டுச்சு. யாரோ ஓடி வராங்க. நடக்கல, ஓடி வராங்க. சவுக்கு மரத்துக்கு நடுவுல இருந்து நெவில் வெளிய வந்தான். வீட்டுச் செருப்பு. மூஞ்சி செவசெவன்னு இருக்கு. ஆரஞ்சு விசில் நெஞ்சுல குதிக்குது.

"எங்கடி அடிபட்டுச்சு? பாம்பா? காலக் காட்டு!"

"ஓடியா வந்த?" "யோவ், மேட்டுல ஓடியா வந்த? நெஞ்சு? நெஞ்சு என்ன பண்ணுது?"

"நெஞ்சு கிடக்குது. உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல! உக்காரு! மொதல்ல உக்காருய்யா!"

ரெண்டு பேரும் கல்லு மேல உக்காந்தோம். அவன் உதட்டையே பாத்தேன். சிவப்பா இருந்துச்சு. மணிக்கட்டப் பிடிச்சேன். நாடி வேகமாத்தான் ஓடுது, ஆனா ஒழுங்கா ஓடுது. கொஞ்ச நேரத்துல தானா இறங்குச்சு. அதுவரைக்கும் நான் கைய விடல.

"பால் வாங்கப் போறேன்னியே. ஃப்ரிட்ஜத் திறந்தா ரெண்டு பாட்டில் பால் இருக்கு. என் பூட்ஸையும் காணோம். சரி, மேலதான் போயிருப்பேன்னு பின்னாடியே வந்தேன். பாதி வழில விசில் சத்தம்"னான்.

நான் டப்பாவ அவன் மடில போட்டேன்.

"இது என்ன?"

பாத்தான். சட்டைப் பையைத் தடவினான்.

"ஜம்பர் புத்து! ஏன்யா, வெக்கமா இல்ல? மொத நாளே எடுத்துட்டு, ஊர்ல இருக்கற மரத்தடி எல்லாம் என்னக் குனிய விட்டிருக்க. என் விசில! முப்பது வருஷ விசில ஒரு கண்ணாடித் தவளைக்கு வித்திருக்க!"

"விக்கல ரோண்டா. யாரும் எடுத்துடக் கூடாதுன்னுதான் கட்டிப்போட்டேன்."

"எதுக்கு? எதுக்கு இந்த நாடகம்?"

கம்பிய விரலால நீவிக்கிட்டே சொன்னான். "டப்பா கையில கிடைச்சுது. உன்னக் கூப்பிடலாம்னு திரும்பறேன், அந்தக் குருவி வந்துடுச்சு. நீ சிரிச்ச. ஜூலைல இருந்து நான் அந்தச் சத்தத்தக் கேக்கல ரோண்டா. கிடைச்சுடுச்சுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கோட முடிஞ்சுது. மறுநாள் நீ வீட்டுக்குள்ள போயி என் மூச்ச எண்ணிக்கிட்டு உக்காந்திருப்ப. உனக்காக வெளிய வான்னா நீ வர மாட்ட. எனக்காகன்னா வருவ. அதான்."

"நீதான தினம் இன்னிக்குமா, இன்னிக்குமான்னு முனகின!"

"முனகலன்னா நீ எப்படி என்னப் பிடிச்சு இழுப்ப?"

இவன நான் நடக்க வெக்கறேன்னு இத்தன நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேனே!

"விசில ஏன் வெச்ச? வேற சாமானே கிடைக்கலையா உனக்கு?"

"அது என் கழுத்துல கிடந்தா நான் நோயாளி, நீ காவல்காரி. சனிக்கிழமை உன் கழுத்துல கிடந்தா நீ ரோண்டா." அவ்வளவுதான் சொன்னான்.

நான் ஆத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எதிர்க்கரைல மலை மேல மேகம் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. ஓடி வந்திருக்கான். தனியா விட்டா என்ன ஆகுமோன்னு ஜூலைல இருந்து காவல் காத்தேனே, இன்னிக்குத் தனியா விட்டாச்சு. மேட்டுல ஓடி வந்து என் பக்கத்துல உக்காந்து, வாய் ஓயாம பேசிக்கிட்டு இருக்கான்.

"கழட்டு"ன்னேன்.

நாலு முறுக்கையும் நாலு நிமிஷத்துல கழட்டினான். விசில என் உள்ளங்கைல வெச்சான். நான் அத என் கழுத்துல போட்டுக்கிட்டேன்.

"ஒண்ண எடுத்தா ஒண்ண வெக்கணும்"னான்.

"தெரியும். பெட்ரா சொன்னா." அவன் கழுத்துல தொங்கின ஆரஞ்சு விசில நானே கழட்டினேன். டைனோசருக்குப் பக்கத்துல போட்டேன். காகிதச் சுருள எடுத்தேன். பேனா இல்ல. இத்தன நாள் தேடி, ஒரு நாள்கூட பேனா எடுத்துக்கிட்டு வரல பாருங்க. நெவில் சட்டைப் பையில இருந்து ஒரு கட்டைப் பென்சில எடுத்துக் குடுத்தான். மொத நாள் அவனும் அதுலதான் எழுதியிருந்தான், திருட்டுப் பய. கடைசிப் பேருக்குக் கீழ 'ரோண்டா'ன்னு பெருசா எழுதினேன். டப்பாவ மூடி, கல்ல இருந்த மாதிரியே வெச்சுட்டு இறங்கினோம்.

சனிக்கிழமை காலைல நெட்பாலுக்குக் கிளம்பினேன். சாக்ஸ் போட்டு, குட்டைப் பாவாடை போட்டு, விசில மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தா, இவன் எனக்கு முன்னாடி பூட்ஸோட கேட்டுகிட்ட நிக்கறான்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"கடற்கரைல ஒரு டப்பா போட்டிருக்கான். சுலபமில்லயாம். நான் மட்டும் தனியாப் போயிப் பாத்துட்டு வரட்டுமா?"

தனியா. மருந்து இருக்கா, போன் இருக்கா, வழில ஏதாவது ஆச்சுன்னா யாருன்னு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. கம்பி கட்டின கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் கேட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கறான்.

"பேனா எடுத்துக்கிட்டியா?"ன்னேன்.